ஏழாவது பாட்டு

சி-60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். உறையில் அப்படித்தான் போட்டிருக்கும். உள்ளே நாடா கொஞ்சம் கூடவே இருக்கும். எண்பதுகளில் வந்த சினிமாப் பாட்டு ஒன்று சராசரியாக நாலரை நிமிஷம் ஓடும். ஆறு பாட்டு ஏற்றினால் இருபத்தேழு நிமிஷம் போய்விடும். மிச்சம் இருப்பது மூன்று நிமிஷமும் கொசுறும். அதில் இன்னொரு நாலரை நிமிஷப் பாட்டை ஏற்றினால் இரண்டாவது சரணத்தில் நாடா தீர்ந்து பட்டன் தானாக மேலே குதிக்கும். மறுநாள் காலையில் கேசட்காரர் கடை வாசலில் நிற்பார். சும்மா விட்டாலும் விடமாட்டார்கள். "கடைசியில காலியாக் கெடக்கே காக்கா, காசு மட்டும் முழுசா வாங்கிட்டீகளே" என்பார்கள்.

இதற்கு வழி ஐம்பது, அறுபதுகளின் பாட்டில் இருந்தது. அவை 78 சுற்று இசைத்தட்டுக்காகப் பதிந்தவை. அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றே கால், மிஞ்சிப்போனால் மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். அதற்கு மேல் நீண்டால் பாட்டை இரண்டாக வெட்டித் தட்டின் இரு பக்கத்திலும் போடுவார்கள். ஜி. ராமநாதனும் கே.வி. மகாதேவனும் விஸ்வநாதன்-ராமமூர்த்தியும் இந்த அளவுக்குள்தான் பல்லவி, சரணம், இடையிசை எல்லாவற்றையும் அடக்கினார்கள். நான் பதிந்த கேசட்டுகளில் ஒவ்வொரு பக்கத்தின் ஏழாவது பாட்டும் அந்தக் காலத்துப் பாட்டாக இருந்ததற்குக் காரணம் என் ரசனை இல்லை. மிச்சமிருந்த நாடா அவ்வளவுதான்.

ஆனால் அது ஒரு வேலை செய்தது. இளையராஜாவைத் தவிர வேறு எதையும் எழுதித் தராத பையன் ஒருவன் கொஞ்ச நாள் கழித்து வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தக் கடைசிப் பாட்டு பாடினவர் யாரு காக்கா?" என்று கேட்டான். ஏ.எம். ராஜா. "அவர் பாட்டு வேற இருக்கா?" அடுத்த கேசட்டில் இரண்டு கேட்டான். அதற்கடுத்து ஒரு பக்கம் முழுக்க. புதுமடத்தில் 80-களில் ஏ.எம். ராஜாவுக்கும் பி.பி. ஸ்ரீநிவாஸுக்கும் புது ரசிகர்கள் சேர்ந்தது இப்படித்தான்.

புதுமடம் தெரியாதவர்களுக்கு: இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற வழியில் உச்சிப்புளியில் இறங்கித் தெற்கே திரும்பினால் வருகிற ஊர். அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா. நாட்டுப்படகும் வத்தையும் ஒரு பக்கம், வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிற சபராளிகள் ஒரு பக்கம் என்று பிழைப்பு நடக்கிற கரை. வீட்டுக்கு ஒருவராவது சவூதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். அவர் விடுமுறையில் வரும்போது தோளில் ஒரு டூ-இன்-ஒன் வரும். டேப் ரெக்கார்டர் இல்லாத வீட்டிலும் கேசட் இருக்கும். பக்கத்து வீட்டில் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள்.

பாட்டுப் பதிந்து கொடுக்கிற இந்தத் தொழிலைக் கடையில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அதற்கு முன்பே வானொலி கற்றுக்கொடுத்துவிட்டது. எங்கள் கரையில் வானொலி என்றால் இலங்கை வானொலி. சென்னை இழுத்து இழுத்துக் கேட்கும். கொழும்போ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருக்கும். தூரம் மட்டும் காரணமில்லை. மத்திய அலை தரையோடு ஒட்டிப் போகிற அலை. காய்ந்த மண்ணில் சீக்கிரம் களைத்துவிடும்; உப்புத் தண்ணீரின் மேல் வெகுதூரம் போகும். நடுவில் கிடந்தது முழுக்கக் கடல் என்பதால் பாட்டு அலுங்காமல் வந்து சேர்ந்தது.

அந்த நிலையத்துக்கு இந்தியா முழுக்கக் காது கிடைத்ததற்கும் ஒரு கதை உண்டு. 1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதைக் குறைத்தார். கேட்கிறவர்கள் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டார்கள். அமீன் சயானி 'பினாகா கீத்மாலா'வைத் தொடங்கியதும் அதே 1952-ல், அதே வானொலியில்தான்; பாட்டுகளை ஏணிப்படியில் நிறுத்தி வாராவாரம் ஏற்றி இறக்கியது பிறகு. தில்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் எங்கள் கரையில் வாப்பா, பெரியவாப்பா எல்லோருக்கும் கொழும்பு பழகிப் போயிருந்தது.

தமிழ்ச் சேவையில் எஸ்.பி. மயில்வாகனத்தைக் கேட்டு வளர்ந்தது எனக்கு முந்திய தலைமுறை. எனக்கு கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும். ராஜா பேசுகிற வேகத்தில் அடுத்த பாட்டு ஏற்கெனவே பாதி ஓடிவிட்டது போல இருக்கும். ஹமீது ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைப்பார். இரண்டு பேரிடமும் நான் கவனித்தது ஒன்றைத்தான்: ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் என்ன நடக்கிறது. 'பொங்கும் பூம்புனல்' காலையில் வரும். அதில் சோகப் பாட்டுக்கு இடம் இருக்காது. 'இசையும் கதையும்' நேயர்கள் எழுதி அனுப்புகிற கதை. கதையில் ஒரு திருப்பம் வரும் இடத்தில் பாட்டு வந்து உட்காரும். நூறு தடவை கேட்ட பாட்டு அந்த இடத்தில் வேறு பாட்டாகிவிடும். பாட்டு அதேதான், முன்னால் இருப்பது மாறிவிட்டது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பாட்டைத் தனியாகக் கேட்கிற பழக்கம் போய்விட்டது. எந்தப் பாட்டைக் கேட்டாலும், இதற்கு முன்னால் எதை வைக்கலாம் என்றுதான் மனசு ஓடும்.

கடைக்கு அதிகம் சாமான் இல்லை. ஒரு ரெக்கார்டு பிளேயர், மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த டபுள் டெக், ஒரு ஆம்ப்ளிபயர், மதுரையில் தேடிப் பிடித்த எல்.பி. தட்டுகள். சட்டப்படி பார்த்தால் என் மாதிரிக் கடைகள் செய்தது காப்புரிமைத் திருட்டுத்தான். 1984-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டினார்கள். ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் முளைத்ததும் அதே ஆண்டுகளில்தான். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காத மாதிரி நடந்தன.

கடையில் விலைமதிப்பான பொருள் டெக் இல்லை. காலிகோ அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி. படம், இசை, பாடியவர், நிமிஷம், விநாடி. அதற்குப் பிறகு இரண்டு குறி. பாட்டு எப்படித் தொடங்குகிறது: குரலில் என்றால் 'கு', வாத்தியத்தில் என்றால் 'வா'. எப்படி முடிகிறது: மங்கி மறைந்தால் 'ம', நின்று முடிந்தால் 'நி'. இந்த இரண்டு எழுத்தை வைத்துத்தான் வரிசை போடுவேன். மங்கி மறைகிற பாட்டுக்குப் பின்னால் தபேலா அடித்துக்கொண்டு தொடங்குகிற பாட்டை வைத்தால் தூங்குகிறவனை உலுக்கின மாதிரி. மங்கினதற்குப் பிறகு தனிக் குரல் வந்தால் சுகம். நின்று முடிகிற பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை, அதன் பின்னால் எதுவும் வரலாம்.

பிறகு சுருதி. எனக்குச் சங்கீதம் தெரியாது. காதுதான். ஒரு பாட்டு முடிந்த சுருதியிலிருந்து அடுத்தது கொஞ்சம் ஏறினால் கேட்கிறவர் நிமிர்கிறார், இறங்கினால் சாய்கிறார். கல்யாண வீட்டுக் கேசட்டில் ஏறிக்கொண்டே போக வேண்டும். இராத்திரிக் கேசட்டில் இறங்கிக்கொண்டே. இரண்டு பாட்டு ஒரே சுருதியில், ஒரே நடையில் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது பாட்டு வீண். எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் முந்தினதன் வால் போலக் கேட்கும்.

குரலுக்கும் கணக்கு உண்டு. மலேசியா வாசுதேவன் 'முதல் மரியாதை'யில் பாடியது வெட்டவெளியில் நின்று பாடுகிற குரல். யேசுதாஸ் எங்கே பாடினாலும் கதவைச் சாத்திவிட்டுப் பாடுகிறவர். இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒட்டாது. நடுவில் ஜென்சியை வைப்பேன். அந்தப் பெண் குரலுக்கு உள்ளும் வெளியும் ஒன்றுதான். எஸ்.பி.பி.யை எங்கேயும் வைக்கலாம். அதனாலேயே அவரைக் குறைத்து வைக்க வேண்டும். இது என் கட்சி. இதை வைத்துக் கடை பெஞ்சியில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நாலு விநாடி விடுவேன். அதற்குக் குறையக் கூடாது. அந்தக் காலத்து நல்ல டெக்குகளில் அடுத்த பாட்டைத் தானாகத் தேடிப் பிடிக்கிற பட்டன் இருக்கும். நாலு விநாடி மௌனம் இருந்தால்தான் அதற்குப் பாட்டு முடிந்தது தெரியும். நாலையும் தாண்டி ஆறு, ஏழு என்று விட்டால் கேட்கிறவர் எழுந்து வந்து டேப்பைத் தட்டிப் பார்ப்பார். பாஸ் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, சரியான நொடியில் விடுவது கைப்பழக்கம். எழுபதுகளின் தட்டிலிருந்து எடுக்கும்போது முள் கீறுகிற சத்தத்தில் அரை விநாடியை விட்டு வைப்பேன். அதையும் வெட்டிவிட்டால் பாட்டு மொட்டையாகத் தொடங்கும்.

1992-ல் 'ரோஜா' வந்து இந்தக் கணக்கையெல்லாம் கலைத்தது. ஏ.ஆர். ரஹ்மானின் பாட்டு நன்றாக இருந்ததா என்பது வேறு பேச்சு. கேசட்டில் அதற்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அது மெலிந்து தெரிந்தது. அடிநாதம் அவ்வளவு கனம். டெக்கின் முள் சிவப்புக் கோட்டில் போய் முட்டும். அடுத்து 70-களின் பாட்டு வந்தால் யாரோ ஸ்பீக்கர் மேல் போர்வையைப் போட்ட மாதிரி ஆகிவிடும். சத்தத்தைக் கூட்டி வைத்தால் இரைச்சலும் கூடவே ஏறும். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ரஹ்மானுக்குப் பின்னால் தப்ஸ் அடித்துப் பாடுகிற பாட்டு, அல்லது நாகூர் ஹனிபா. அந்தக் குரல் வந்துவிட்டால் பின்னால் என்ன வாத்தியம் இருக்கிறது, எவ்வளவு மெலிவு என்று யாருக்கும் கேட்காது.

ஹனிபாவைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்துக் கேசட்டைப் பற்றிப் பேச முடியாது. பெயரில் நாகூர் இருந்தாலும் பிறந்தது இராமநாதபுரத்தில், 1925-ல். முஸ்லிம் வீட்டுக் கேசட் என்றால் லிஸ்டில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் முதல் பாட்டு அவருடையது. அதற்குப் பிறகு டிஸ்கோ சாந்தி ஆடின பாட்டு வந்தாலும் வீட்டில் பெரியவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தொடக்கம் சரியாக இருந்துவிட்டது. 1992-ல் 'செம்பருத்தி' படத்தில் இளையராஜா அவரையே கடல் பாட்டுப் பாட வைத்தார். எனக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. பக்திக்கும் சினிமாவுக்கும் நடுவில் வைக்க ஒரு பாட்டு, அதுவும் கடல் பாட்டு, படகுக்காரர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்.

படகுக்காரர்கள் கேசட்டுக்குத் தனிக் கணக்கு. இன்ஜின் சத்தத்தில் வயலின் கேட்காது. அடித்துப் பாடுகிற பாட்டுத்தான். டி.எம்.எஸ். கேட்கும், சீர்காழி கேட்கும், எல்.ஆர். ஈஸ்வரி நன்றாகக் கேட்கும். 'படகோட்டி'யும் 'மீனவ நண்பனு'ம் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். கரையில் கேட்பார்கள். கடலில் கேட்பதில்லை. வலை இழுக்கிறவனுக்கு வலை இழுக்கிற பாட்டு வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னார். காதல் பாட்டுத்தான் வேண்டும்.

மைக் செட்காரர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர்கள் லிஸ்ட் தரமாட்டார்கள். "கல்யாணம் ரெண்டு, கந்தூரி ஒண்ணு, கோயில் கொடை ஒண்ணு" என்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கமிருந்து வந்தால் மாதா கோயில் திருவிழாவும் சேரும். ஒரே ஆள் மூன்று மதத்துக் கேசட்டையும் ஒரே பையில் வைத்திருப்பார்.

மண்டபம் முகாமிலிருந்து வருகிறவர்கள் வேறு மாதிரி. 1983-க்குப் பிறகு படகில் வந்து இறங்கி அங்கே தங்கியிருந்தவர்கள். அவர்கள் கேட்டது இந்தியப் பாட்டுத்தான், ஆனால் நடுவில் பொப் பாட்டு இரண்டு வேண்டும்: நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன். பைலா நடையில் ஓடுகிற அந்தப் பாட்டுகளை எங்கே வைத்தாலும் கேசட் எழுந்து ஆடும். வயதான ஒருவர் மட்டும் பாட்டின் பெயரே எழுதாமல் வந்தார். "காலம வானொலியில போற மாதிரி ஒழுங்கா வேணும் தம்பி" என்றார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்தது. நானும் அதே வானொலியைக் கேட்டு வளர்ந்தவன்தானே. பக்திப் பாட்டு, பிறகு ஒரு வாத்திய இசை, பிறகு பழைய பாட்டு, எட்டு மணிக்குப் பிறகு புதிது. அறிவிப்பாளர் பேசுகிற இடத்தில் ஏழெட்டு விநாடி சும்மா விட்டுக் கொடுத்தேன். அந்த வெற்றிடத்தை அவரே நிரப்பிக்கொள்வார் என்று தெரியும்.

இந்தத் தொழிலில் நான் அதிகம் மெனக்கெட்டது சபராளிக் கேசட்டுகளுக்கு. அப்போது ஊரில் போன் வைத்த வீடு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கடிதம் போகும். கடிதத்தைவிட நல்லது கேசட். வீட்டில் எல்லோரும் டூ-இன்-ஒன்னைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். உம்மா பேசுவார், பிள்ளை ஓதிக் காட்டும், மாமி சாமான் லிஸ்ட் சொல்லுவார். பின்னால் கோழி கத்தும், பள்ளியில் பாங்கு கேட்கும், யாராவது கதவைத் தட்டுவார்கள். எல்லோரும் பேசி முடித்தும் ஒரு பக்கத்தில் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும். மறுபக்கம் முழுக்கக் காலி. "மிச்சத்துல பாட்டுப் பதிஞ்சு குடுங்க" என்று கடைக்கு வந்துவிடும். ஊருக்கு வந்து திரும்புகிற ஆள் கையில் ஜித்தாவுக்கோ தோஹாவுக்கோ போகும்.

உம்மா பேசி, சலாம் சொல்லி முடித்த பிறகு என்ன பாட்டு வைப்பது? இதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. தாய்ப் பாட்டு வைக்கக் கூடாது. அது முதலில் தோன்றுவது, அதனாலேயே கூடாது. அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவன் அழுதால் எட்டுப் பேரும் அழ வேண்டியதாகிவிடும், விடிந்தால் வேலை இருக்கிறது. குதியாட்டப் பாட்டும் ஆகாது. பேச்சு முடிந்த இடத்திலிருந்து பத்து விநாடிக்கு மேல் வெறும் நாடா விடுவேன். என் நாலு விநாடிச் சட்டம் இங்கே செல்லாது. பிறகு வாத்தியத்தில் மெல்லத் தொடங்குகிற பாட்டு ஒன்று. 'பயணங்கள் முடிவதில்லை'யில் கிட்டாரோடு தொடங்குகிற பாட்டு இதற்கு எத்தனையோ தடவை கை கொடுத்திருக்கிறது. அதில் ஊரும் இல்லை, உறவும் இல்லை, நிலாவும் மேகமும்தான். இரண்டாவதாகச் சிரிக்க வைக்கிற பாட்டு. மூன்றாவதுக்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், அதற்குள் யாராவது டீ போட எழுந்திருப்பார்கள்.

அந்த அறைகளை நான் பார்த்ததில்லை. விடுமுறையில் வருகிறவர்கள் பெஞ்சியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கட்டில் எத்தனை, டேப் எந்த மூலையில், யாருக்கு இரவு ஷிஃப்ட் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வரிசை போட உட்கார்ந்தால் அந்த அறையில்தான் இருப்பேன். இந்த வேலையில் இருக்கிற சந்தோஷம் இதுதான் என்று நினைக்கிறேன். பாட்டு என்னுடையது இல்லை. இசை தெரியாது. காதும் அடுத்தவருடையது. அவர் எப்போது நிமிர்வார், எப்போது சாய்வார் என்று ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருந்து முடிவு செய்கிறேன்.

சில லிஸ்டுகளில் மட்டும் கை வைக்கமாட்டேன். பெண்கள் கடைக்கு வருவதில்லை. தம்பியிடம் காகிதம் வரும். நோட்டிலிருந்து கிழித்த தாள், நான்காக மடித்து, கேசட் உறைக்குள். படத்தின் பெயர், பாட்டின் முதல் வார்த்தை, இடது ஓரத்தில் எண். ஒரு வீட்டிலிருந்து வந்த தாளில் பி. சுசீலாவின் சோகப் பாட்டு நாலு வரிசையாக இருந்தது. அதன் பிறகு சந்திரபாபு. மூன்றாவது எண்ணில் எழுதியிருந்த பாட்டே பன்னிரண்டாவது எண்ணிலும் இருந்தது. என் கணக்குப்படி எல்லாமே தப்பு. ஆனால் எண் போட்டு எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது தெரிந்தது. ஓர் இடத்தில் ஐந்தை அடித்து ஆறாக்கி, ஆறை ஐந்தாக்கி அம்புக்குறி போட்டிருந்தது. தாளில் இருந்தபடியே பதிந்து கொடுத்தேன்.

சில ஆண்டு கழித்து அந்த வீட்டுக்காரர் விடுமுறையில் வந்தபோது கேசட்டைக் கொண்டுவந்தார். நாடா இழுபட்டு, பாட்டு தண்ணீருக்கு அடியில் கேட்பது போல இருந்தது. புதுசாகப் பதிந்து தரச் சொன்னார். "ஒரு பாட்டு ரெண்டு தடவை இருக்கே, ஒண்ண எடுத்துட்டு வேற போடவா?" என்று கேட்டேன். சிரித்தார். "அத எடுத்துட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு காக்கா?" என்றார்.

கடலோரத்தில் இந்தத் தொழில் செய்கிறவனுக்குப் பாதி நேரம் துடைக்கவே போகும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தால் கரை மணல் கடைக்குள் வரும். டெக் மேல் எப்போதும் ஈரம் பிழிந்த துணி. உப்புக் காற்றில் ஹெட் பக்கத்துத் திருகாணிகள் துரு ஏறும், சுவிட்சுகள் கரகரக்கும். ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை ஹெட்டைத் துடைப்பேன். மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். சி-90 வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதே உறைக்குள் அதிக நாடா அடைய வேண்டுமென்றால் நாடா மெலிந்துதானே ஆக வேண்டும். மெலிந்த நாடா எங்கள் ஊர் ஈரத்துக்கு உருளையில் சுற்றிக்கொள்ளும். சி-120 இன்னும் மோசம், அதைக் கடையில் வைத்ததே இல்லை. இதெல்லாம் பிலிப்ஸ்காரர்கள் 1963-ல் பெர்லினில் இந்தக் கேசட்டை முதன்முதலில் காட்டியபோது யோசித்திருக்க மாட்டார்கள். அவர்கள் நினைத்தது ஆபீஸில் குறிப்புச் சொல்லிப் பதிவதை.

கேசட் போய் எம்.பி.3 சி.டி. வந்தது. ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. யாரும் லிஸ்ட் எழுதி வரவில்லை. "ரஹ்மான் ஹிட்ஸ் இருக்கா" என்றார்கள், இருந்தது. எனக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. நூற்றைம்பது பாட்டை வரிசைப்படுத்தினால் யார் உட்கார்ந்து வரிசையாகக் கேட்பார்கள்? அந்தச் சில வருஷம் கடையில் சிம் கார்டும் ரீசார்ஜும் விற்றேன்.

பிறகு மெமரி கார்டு வந்தது. பையன்கள் 2 ஜிபி, 4 ஜிபி கார்டைக் கொண்டுவந்து "பாட்டு ஏத்தித் தாங்க" என்று நின்றார்கள். கம்ப்யூட்டரில் மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் போன் அதைப் பெயர் வரிசையில் பாடும், அதுவும் இங்கிலீஷ் எழுத்து வரிசையில். 'ஏ'யில் தொடங்குகிற பாட்டெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பாட்டுப் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டுப் பார்த்தேன். போன் அடங்கிவிட்டது. வேன், லாரியில் வைக்கிற சில பிளேயர்கள் அதற்கும் அடங்கவில்லை. அவை பெயரைப் பார்ப்பதில்லை. எந்தப் பாட்டு கார்டில் முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். அதற்கு ஒவ்வொரு பாட்டாக, வரிசையில், பொறுமையாக ஏற்ற வேண்டும். ஏற்றினேன். ஏர்வாடிக்கும் இராமேசுவரத்துக்கும் ஆள் ஏற்றுகிற வேன்காரர்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "இங்க ஏத்துனா நல்லா ஓடுது" என்பார்கள்.

இப்போது கடை இல்லை. போன் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தபோது பேரன்தான் போட்டுக் கொடுத்தான். எழுபது வருஷத்துப் பாட்டு உள்ளங்கையில் இருக்கிறது, முள் கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. ஆனால் பாட்டைக் கலைத்துப் போடுகிற பட்டனைக் கண்டால் எனக்கு ஆகாது. 2021 நவம்பரில் அடேல் என்கிற இங்கிலாந்துப் பாடகி, தன் ஆல்பத்தைக் கலைத்துப் பாட வைக்காதீர்கள், யோசித்து அடுக்கியது என்று கேட்டுக்கொண்டாராம். ஸ்பாட்டிஃபைக்காரர்களும் ஆல்பத்தில் அந்தப் பட்டனை முன்னால் வைப்பதை நிறுத்தினார்கள். அந்த அம்மாவின் பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆள் நம்ம தொழில் தெரிந்தவர்.

பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காக 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4-ல் தொடங்கியதைக் கேள்விப்பட்டு, அந்தப் பக்கம் போகும்போது பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக் கேட்பேன். காற்று, கடல் நிலவரம், நடுவே பாட்டு. கேட்கிறவன் யார் என்று தெரிந்து பாட்டு வைக்கிறார்கள். பத்துக் கோடிப் பாட்டு வைத்திருக்கிற கம்பெனியின் கணக்கு எனக்குத் தருகிற வரிசையில் அது இல்லை. நான் போன வாரம் கேட்டதையே அது இந்த வாரம் திருப்பித் தருகிறது. என்னைத் தெரியும் என்று நினைக்கிறது.

போன மாசம் தம்மாமிலிருந்து மருமகன் பேசினான். கம்பெனி மாற்றி, வாரத்துக்கு ஒரு தடவை ரியாத் வரை வண்டி ஓட்டுகிறான். நானூறு கிலோமீட்டர் சொச்சம், நாலு மணி நேரம், இரண்டு பக்கமும் மணல். "மாமா, ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க, தூக்கம் வரக் கூடாது" என்றான். நாலு மணி நேரம் என்றால் எட்டுப் பக்கம். நான் அப்படித்தான் கணக்குப் போடுகிறேன். ஐம்பதுக்கு மேல் பாட்டு. ஊர் தாண்டுகிற வரை வேகம் குறைந்தவை. நெடுஞ்சாலை ஏறியதும் நடை கூடும். இரண்டாவது மணி நேரத்தின் கடைசியில்தான் கண் சொக்கும் என்று அவனே சொன்னான், அங்கே ஈஸ்வரியையும் மனோகரனையும் நிறுத்தினேன். அவனும் நானும் இருவருமே மாற்றலாம் என்கிற மாதிரி லிஸ்டைத் திறந்து வைத்திருக்கிறோம்.

அவன் வந்து அனிருத் பாட்டு இரண்டை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போனான். இரண்டும் ஒரே நடை. நடுவில் ஹனிபாவை நுழைத்தேன். மறுநாள் பார்த்தால் ஹனிபாவை அங்கிருந்து எடுத்து லிஸ்டின் தலைக்குக் கொண்டுபோயிருக்கிறான். போன் போட்டுக் கேட்டேன். "வண்டி எடுக்கும்போது அதுதானே மாமா முதல்ல வரணும்?" என்றான். அவன் சொல்வது சரி. அனிருத்துக்கும் அனிருத்துக்கும் நடுவே வைக்க வேறு ஏதாவது பார்க்க வேண்டும். குரலில் தொடங்குவதாக இருந்தால் நல்லது.